உங்கள் விளையாட்டை லினக்ஸ் மேசைக்கணினிக்குக் கொண்டுவருவது எப்படி: வேலூர் வட்டாரச் சிறு குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

காட்பாடி, பாகாயம், இராணிப்பேட்டை, குடியாத்தம் என்று பழைய வட ஆர்க்காட்டின் ஊர்களில் மாணவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து கணினி விளையாட்டு உருவாக்குவது இப்போது அரிய செய்தியன்று. கோடோ, யூனிட்டி போன்ற கேம் எஞ்சின்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான குழுக்கள் விண்டோஸில் எழுதி, விண்டோஸில் மட்டும் சோதித்து, வெளியிடும் நாளில் ஏற்றுமதிப் பட்டியலில் லினக்ஸ் என்ற பெயரைக் கண்டு அதையும் சொடுக்கி, வந்த கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் இணையக் கடையில் ஏற்றிவிடுகின்றன. அது பலருடைய கணினிகளில் ஓடுவதில்லை. வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்கிறார். குழுவினரோ லினக்ஸ் என்றாலே தொல்லை என்று முடிவுகட்டி அந்தப் பதிப்பையே நீக்கிவிடுகிறார்கள். அந்த நிலைக்கு வராமல் இருப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரு விளையாட்டு உங்கள் நண்பரின் உபுண்டுவில் ஒருமுறை ஓடிவிட்டதால் அதற்கு லினக்ஸ் ஆதரவு உண்டு என்று சொல்லிவிட முடியாது. எந்தெந்தக் கணினிகளில், எந்தெந்த வழங்கல்களில் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகளில்) ஓடும் என்று முன்கூட்டியே சொல்லி, ஓடாதபோது அதைச் சரிசெய்யக் குழுவில் ஓர் ஆள் இருக்கிறார் என்று உறுதி தருவதைத்தான் ஆதரவு என்று சொல்ல வேண்டும். சிறு குழு சிறிய உறுதியையே தர வேண்டும். தந்ததை விடாமல் காக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் அந்த உறுதியின் எல்லையை வரைவதற்கும் அதைக் காப்பதற்கும் உரியது.

இப்போது இதைச் செய்யத் தக்க காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலிகளிலிருந்துதான் முறையாக ஏற்கப்படுகிறது. நம் ஊர் வீடுகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் அதற்கு முந்தைய கணினிகள் ஏராளமாக உள்ளன. அவற்றில் ஒரு பகுதியேனும் லினக்ஸுக்கு வரும். ஸ்டீம் கடையின் மாதாந்தரக் கணக்கெடுப்பிலும் லினக்ஸின் பங்கு 2025இன் பிற்பகுதியில் 3 சதவீதத்தைத் தாண்டியது.

தனிப் பதிப்பா, புரோட்டானா?

லினக்ஸுக்கு விளையாட்டுகளைக் கொண்டுவரும் முயற்சி பழையது. 1998இல் தொடங்கிய லோக்கி என்ற நிறுவனம் புகழ்பெற்ற விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸுக்கு மாற்றி விற்றது, 2002இல் மூடப்பட்டது. 2013இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2018 ஆகஸ்டில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டானை வெளியிட்ட பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. 1993 முதல் வளர்ந்துவரும் வைன் என்னும் கட்டற்ற மென்பொருளே அதன் அடித்தளம். விண்டோஸின் கிராபிக்ஸ் இடைமுகமான டைரக்ட்எக்ஸின் அழைப்புகளை, லினக்ஸிலும் இயங்கும் வல்கன் என்ற இடைமுகத்துக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி-புரோட்டான் ஆகிய அடுக்குகள் அதன்மேல் அமைந்துள்ளன. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவி பெரும்பாலும் இந்த ஏற்பாட்டை நம்பியே விற்கப்பட்டது.

ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. லினக்ஸுக்கென்று தனிப் பதிப்பைக் கட்டி, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் கோப்பாக்கித் தரலாம். அல்லது விண்டோஸ் பதிப்பையே புரோட்டானில் முறையாகச் சோதித்து, அது ஓடும் என்று அறிவிக்கலாம். கட்டற்ற மென்பொருளில் பற்றுள்ளவர்களுக்கு இரண்டாவது வழி கசக்கும். ஆயினும் கவனிப்பாரற்ற தனிப் பதிப்பைவிடச் சோதிக்கப்பட்ட புரோட்டான் பதிப்பே வாங்குபவருக்கு நன்மை செய்யும் என்பது என் உறுதியான கருத்து. தனிப் பதிப்பு ஒன்று இருந்தால் ஸ்டீம் பொதுவாக அதையே முதலில் நிறுவித் தரும். அது பழுதானதாகவோ, விண்டோஸ் பதிப்பைவிடப் பல திருத்தங்கள் பின்தங்கியதாகவோ இருந்தால், வாங்கியவர் விளையாட்டின் பண்புகளுக்குள் சென்று ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற பிரிவில் புரோட்டானைக் கட்டாயமாக்கும் வரை அந்தப் பழுதோடுதான் மல்லாட வேண்டும்.

நீங்கள் கோடோவில் எழுதுகிறீர்கள், வெளி நிரலகங்கள் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) அதிகமில்லை, குழுவில் ஒருவராவது நாள்தோறும் லினக்ஸில் வேலை செய்கிறார் என்றால் தனிப் பதிப்பைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு மட்டும் கிடைக்கும் ஒலி, காணொளி, பிணைய நிரலகங்களைச் சார்ந்து எழுதிவிட்டீர்கள் என்றால் புரோட்டானைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் இட்ச் போன்ற தளத்தில் வெளியிட்டால் புரோட்டான் தானாக வந்து நிற்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புரோட்டான் வழியில் அடிக்கடி உதைக்கும் ஒரு பகுதி காணொளி. கதைக் காட்சிகளை விண்டோஸின் மீடியா ஃபவுண்டேஷன் வழியாக ஓட்டும் விளையாட்டுகளில், படம் வரவேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் மட்டும் தெரிவது பலரும் கண்ட குறை. கோடோவில் தியோரா வடிவத்தையும், யூனிட்டியில் விபி8 காணொளியுள்ள வெப்எம் வடிவத்தையும் தொடக்கத்திலேயே தேர்ந்துகொண்டால் இரு வழிகளிலும் இந்தச் சிக்கல் எழாது.

ஜிலிப்சி: பழையதில் கட்டினால் புதியதில் ஓடும்

தனிப் பதிப்பைத் தேர்ந்தவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். லினக்ஸில் ஏறத்தாழ எல்லா நிரல்களும் ஜிலிப்சி என்ற அடிப்படை நிரலகத்தைச் சார்ந்தவை. பழைய ஜிலிப்சி உள்ள கணினியில் கட்டிய நிரல் புதிய ஜிலிப்சியில் ஓடும். புதியதில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம், அப்போது தேவையான பதிப்பு இல்லை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடும். உபுண்டு 20.04இல் இருப்பது 2.31, 22.04இல் 2.35; 24.04இல் 2.39. உங்கள் குழுவில் ஒருவர் புத்தம்புதிய வழங்கலை நிறுவி அதிலேயே நிரலைக் கட்டினால், இரண்டு ஆண்டுப் பழைய வழங்கலை வைத்திருப்பவர் வெளியே நிறுத்தப்படுகிறார்.

இதற்கு வழி, வால்வ் தரும் ஸ்டீம் லினக்ஸ் ரன்டைமுக்குள், அதாவது நிரலகங்களின் மாறாத தொகுப்பு ஒன்றுக்குள், கட்டுவது. இந்த ரன்டைம்கள் பல உண்டு. அவற்றுள் ஸ்னைப்பர் என்ற பெயருடையது டெபியன் 11ஐ அடிப்படையாகக் கொண்டது; டாக்கர் அல்லது பாட்மேன் கருவியால் திறக்கும் கொள்கலனாக, அதாவது கணினிக்குள் தனித்து இயங்கும் சூழலாக, கிடைக்கிறது. அதற்குள் கட்டி, விளையாட்டும் அதே ஸ்னைப்பரில் ஓட வேண்டும் என்று ஸ்டீம் வெளியீட்டாளர் பக்கத்தில் குறித்துவிட்டால், வாங்கியவரின் கணினியில் எந்த வழங்கல் இருந்தாலும் உங்கள் நிரலைச் சுற்றி ஒரே சூழல் அமைகிறது. லினக்ஸில் நூறு வழங்கல்கள் உள்ளனவே, எதற்கென்று சோதிப்பது என்ற பழைய புலம்பலுக்கு இதைவிட நல்ல விடை இதுவரை வரவில்லை.

கோடோவின் அதிகாரபூர்வ ஏற்றுமதி வார்ப்புகள் பழைய அமைப்புகளிலும் ஓடும்படியே கட்டப்படுகின்றன. ஆகவே கோடோ பயன்படுத்துவோருக்கு இந்தச் சிக்கல், தாங்களாகச் சி++ மொழியில் எழுதிச் சேர்க்கும் நீட்சிகளில்தான் வரும். அந்த நீட்சிகளை மட்டும் ஸ்னைப்பருக்குள் கட்டினால் போதும்.

நிரலகங்களை விளையாட்டோடு சேர்த்து அனுப்புவதிலும் அளவு தெரிய வேண்டும். சாளரம், ஒலி, விசை உள்ளீடு ஆகியவற்றைக் கையாளும் எஸ்டிஎல் போன்றவற்றைச் சேர்க்கலாம். ஜிலிப்சியையும் கிராபிக்ஸ் இயக்கிகளையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சி++ மொழியின் பொது நிரலகத்தைத் தனிக் கோப்பாகச் சேர்ப்பதும் ஆபத்தானது: உங்கள் கோப்புறையில் உள்ள பழைய பிரதி முதலில் ஏற்றப்பட்டுவிட்டால், அதைவிடப் புதியதை எதிர்பார்க்கும் கிராபிக்ஸ் இயக்கி ஏற முடியாமல் போய், விளையாட்டு சாளரமே திறக்காமல் நின்றுவிடும். வீரரின் பார்வையில் அது இயக்கியின் கோளாறு போலவே தோன்றும். உண்மையான காரணம் உங்கள் கோப்புறையில் இருக்கும். அந்த நிரலகத்தை உங்கள் நிரலுக்குள்ளேயே நிலையாகப் பிணைத்துவிடுவது பாதுகாப்பானது.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் அடித்தளம் அசையும் நாள்கள் உண்டு. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஜிலிப்சி 2.36, நிரலகக் கோப்புகளில் இருந்த ஒரு பழைய அட்டவணையைக் கைவிட்டது. ஈஸி ஆன்ட்டி-சீட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அந்த அட்டவணையை நம்பியிருந்ததால், புதுப்பித்தவர்களிடம் சில விளையாட்டுகள் ஓடாமல் போயின. 2019இல் உபுண்டு 32-பிட் நிரலகங்களை நிறுத்தப்போவதாக அறிவித்தபோதும் இதே கலக்கம் ஏற்பட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த முடிவு மாற்றப்பட்டது. புதிதாக வெளியிடுவோர் 64-பிட் பதிப்பு மட்டும் தருவதே போதும்.

கோப்புப் பெயர், அனுமதி, வரி முடிவு

லினக்ஸின் கோப்பு முறைமை ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகக் காண்கிறது. விண்டோஸில் பிளேயர் என்ற படத்தைப் பெரிய எழுத்தில் சேமித்து நிரலில் சிறிய எழுத்தில் அழைத்தால் படம் வந்துவிடும், லினக்ஸில் வராது. எல்லாக் கோப்புகளுக்கும் சிறிய எழுத்து மட்டுமே என்று முதல் நாளே விதி செய்துகொள்ளுங்கள். இடையில் பெயரை மாற்றினால், விண்டோஸில் உள்ள கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) எழுத்தின் அளவு மட்டும் மாறியதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கிட்டின் பெயர்மாற்றக் கட்டளையாலேயே அதைச் செய்ய வேண்டும்.

விண்டோஸில் செய்த ஜிப் கோப்பில் இயக்க அனுமதி தங்காது. திறந்தவர் இருமுறை சொடுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை என்பார். டார் வடிவில் லினக்ஸிலேயே பொதியுங்கள். இட்ச் தளத்துக்கு அதன் பட்லர் கருவியால் ஏற்றினால் அது அனுமதியைத் தானே சரிசெய்துவிடும். தொடக்க நிரல் ஒன்றை நோட்பேடில் எழுதியிருந்தால் அதன் வரி முடிவுகளையும் லினக்ஸ் முறைக்கு மாற்றுங்கள்.

சேமிப்புக் கோப்புகளை விளையாட்டு நிறுவப்பட்ட கோப்புறையில் எழுத வேண்டாம். பயனரின் தரவுக்கென்று உள்ள மறைவுக் கோப்புறையில், எஞ்சின் சொல்லும் இடத்தில் எழுதுங்கள். தனிப் பதிப்பும் விண்டோஸ் பதிப்பும் வெவ்வேறு இடங்களில் சேமிக்கும் என்பதால், ஸ்டீம் கிளவுடில் அந்த இரண்டு பாதைகளையும் இணைத்துக் காட்டுங்கள். இல்லையேல் புரோட்டானிலிருந்து தனிப் பதிப்புக்கு மாறும் வீரர் தம் முன்னேற்றம் முழுவதையும் இழந்ததாகவே எண்ணுவார்.

கிராபிக்ஸ்: நம் ஊரில் உள்ள கணினிகளைப் பாருங்கள்

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பல இன்னும் வேலூர் மாவட்ட வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவும் விண்டோஸுடன் இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸ் வழங்கலையும் தாங்கி வந்தவை. ஒரு பள்ளி மாணவி முதன்முதலில் விளையாட்டைத் தொட்டுப் பார்ப்பது அப்படிப்பட்ட கணினியாக இருக்கலாம். அவளை வெளியே நிறுத்துவதற்குமுன் அவளுடைய கணினியால் என்ன முடியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் தலைமுறை இன்டெல் செயலிகளின் உள்ளமைந்த கிராபிக்ஸுக்கு லினக்ஸில் வல்கன் இயக்கி கிடையாது. மூன்றாம், நான்காம் தலைமுறைகளுக்கு உண்டு. ஆனால் அது முழுமையற்றது என்று இயக்கியே எச்சரிக்கை தரும். ஆறாம் தலைமுறையிலிருந்துதான் நிம்மதி. டிஎக்ஸ்விகேயின் இரண்டாம் வரிசைப் பதிப்புகள் வல்கன் 1.3ஐக் கேட்பதால், பழைய கணினிகளில் புரோட்டானும் பெரிதாக உதவாது. எனவே நம் ஊர்க் கணினிகளை எண்ணி உருவாக்கும் இருபரிமாண விளையாட்டுக்கு, கோடோவில் ‘கம்பாட்டிபிலிட்டி’ என்ற வரைதல் முறையைத் தேர்ந்தெடுங்கள். அது ஓபன்ஜிஎல் 3.3 என்ற பழைய கிராபிக்ஸ் இடைமுகத்தைக் கொண்டு இயங்குவது. மற்ற இரண்டு முறைகளான ஃபார்வர்டு பிளஸ்ஸும் மொபைலும் வல்கனைச் சார்ந்தவை.

என்விடியா அட்டையுள்ள மடிக்கணினிகளில் இன்னொரு சிக்கல் வரும். அங்கே இரண்டு கிராபிக்ஸ் கருவிகள் இருப்பதால், விளையாட்டு வலிமை குறைந்த இன்டெல் பக்கம் திறந்துவிட்டு மெதுவாக ஓடக்கூடும். எந்தக் கருவியில், எந்த இயக்கிப் பதிப்பில் திறந்தோம் என்பதை விளையாட்டு தன் பதிவுக் கோப்பின் முதல் வரிகளில் எழுதிவைக்கட்டும். பின்னால் வரும் புகார்களில் பாதிக்கு அந்த வரிகளே விடை சொல்லிவிடும்.

தமிழ் எழுத்தும் தமிழ் விசைப்பலகையும்

இந்தப் பகுதியை வெளிநாட்டு வழிகாட்டிகள் எழுதுவதில்லை. நமக்கோ இது விட்டுவிட முடியாதது. ‘கெ’ என்பதில் கொம்பு நினைவகத்தில் ககரத்துக்குப் பின்னால் இருந்தாலும் திரையில் முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்பதில் ஒரே குறி இரு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டும். எழுத்துகளை இவ்வாறு ஒழுங்குபடுத்தும் நிரலகங்களில் முதன்மையானது ஹார்ஃபஸ். 2023 மார்ச்சில் வெளிவந்த கோடோ 4 அதை உள்ளடக்கியது. அதற்கு முந்தைய மூன்றாம் வரிசையில் தமிழ் உடைந்துதான் தெரியும். யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் புரோவும் இதைத் தானாகச் செய்வதில்லை. தமிழில் வெளியிட எண்ணுபவர்கள் எஞ்சினைத் தேர்வதற்கு முன்பே ‘கொடுக்கப்பெற்றோரை’ என்ற ஒரு சொல்லைத் திரையில் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

எழுத்துருவைக் கணினியிடம் விட்டுவிட வேண்டாம். விண்டோஸில் லதாவோ நிர்மலாவோ இருக்கும். லினக்ஸில் ஒருவரிடம் லோகித் தமிழ் இருக்கும், இன்னொருவரிடம் நோட்டோ இருக்கும், மூன்றாமவரிடம் எதுவுமே இல்லாமல் கட்டங்கள் மட்டும் தெரியும். லதாவை எடுத்து உங்கள் விளையாட்டோடு அனுப்பவும் உரிமை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருகிறது, அதைச் சேர்த்தனுப்புங்கள். வசனம் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி அமைத்திருந்தால், யூனிகோடு குறிகளை எண்ணாமல் முழு உயிர்மெய்யாக எண்ணி வெட்டுங்கள். இல்லாவிட்டால் ‘க’ தோன்றி, பிறகு அதன் முன்னால் கொம்பு முளைத்து, வரி முழுவதும் துள்ளும்.

விசைப்பலகையில் பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு. லினக்ஸில் தமிழ்99 அமைப்பை இயக்கிவைத்திருப்பவர் டபிள்யூ விசையைத் தட்டினால் கணினிக்குச் செல்வது ஒரு தமிழ் எழுத்து. டபிள்யூ என்ற எழுத்து வந்தால் முன்னே நட என்று நீங்கள் எழுதியிருந்தால், அவருடைய வீரன் அசையவே மாட்டான். எழுத்தைப் பார்க்காமல் விசை இருக்கும் இடத்தைப் பார்க்கும்படி எழுத வேண்டும். கோடோவிலும் எஸ்டிஎல்லிலும் அதற்கான வசதி உள்ளது. பெயரைத் தட்டச்சு செய்யும் பெட்டியில் மட்டும் இது தலைகீழாகும்: அங்கே எழுத்து உள்ளீட்டு நிகழ்வைத்தான் பயன்படுத்த வேண்டும், ஐபஸ் என்ற எழுத்து உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ் எழுதுபவரையும் வைத்துச் சோதிக்க வேண்டும்.

சாளரம், ஒலி, கேம்பேட்

இவற்றை எஞ்சினிடமே விட்டுவிடுவது நல்லது. திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ்11 முறையிலிருந்து வேலண்ட் என்ற புதிய முறைக்கு வழங்கல்கள் மாறிவருகின்றன. வேலண்டில் ஒரு நிரல் தன் சாளரம் திரையில் எங்கே நிற்க வேண்டும் என்று தானே முடிவுசெய்ய முடியாது. ஆகவே சாளரத்தை நகர்த்தும் நிரல்களை எடுத்துவிட்டு, முழுத்திரை, சாளரம் என்ற இரண்டு தெரிவுகளை மட்டும் வையுங்கள். ஒலிக்குப் பல்ஸ்ஆடியோவின் இடத்தைப் பைப்வயர் பிடித்துவருகிறது. எஸ்டிஎல் இரண்டையும் கையாளும். கேம்பேடுகளில் பெயர்பெறாத மலிவு வகைகளையும் ஒன்றிரண்டு இரவல் வாங்கிச் சோதியுங்கள்.

பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டும் ஏமாற்றுத் தடுப்பும்

ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021 செப்டம்பரில் புரோட்டானை ஆதரிப்பதாக அறிவித்தன. ஆனால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் அதன் உருவாக்குநரே அந்த வசதியை இயக்கிவைக்க வேண்டும். பல பெரிய நிறுவனங்கள் இயக்கவில்லை. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டு சில ஆண்டுகள் அனுமதித்துவிட்டு, 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸிலிருந்து இணைவதைத் தடுத்தது. வேலரன்ட் என்ற விளையாட்டு பயன்படுத்தும் வேன்கார்டு என்ற தடுப்பு மென்பொருள் விண்டோஸின் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், இறங்கி வேலை செய்வதால் அதற்கு லினக்ஸில் இடமே இல்லை. லினக்ஸில் பயனரே தம் கெர்னலைத் திருத்திக் கட்டிக்கொள்ள முடியும். கெர்னலை நம்பும் காவல் முறை அங்கே பொருந்தாததற்கு அதுவே காரணம்.

சிறு குழுவுக்கு இந்தப் பாதை தேவையில்லை. யாருக்கு எத்தனை உயிர், யார் எங்கே நிற்கிறார், குண்டு பட்டதா என்பவற்றை வழங்கிக் கணினியே முடிவுசெய்யட்டும். வீரரின் கணினி விருப்பத்தை மட்டும் அனுப்பட்டும். இவ்வாறு எழுதினால் பெரும்பாலான ஏமாற்று வேலைகளுக்கு வழியே இருக்காது; லினக்ஸ் வீரரைச் சந்தேகத்தின் பேரில் வெளியே நிறுத்தவும் வேண்டாம்.

சோதனை

மூன்று கணினிகள் இருந்தால் தொடங்கலாம்: பழைய இன்டெல் மடிக்கணினி ஒன்று, ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ளது ஒன்று, என்விடியாவின் சொந்த இயக்கியோடு ஒன்று. கல்லூரி விடுதியில் கேட்டால் மூன்றும் இரவலாகக் கிடைக்கும். ஒன்றில் உபுண்டு, ஒன்றில் ஃபெடோரா, ஒன்றில் ஆர்ச் வழியில் வந்த ஒரு வழங்கல் என்று நிறுவுங்கள். நீங்கள் கட்டிய கணினியில் செய்யும் சோதனையைச் சோதனையாகவே எண்ண வேண்டாம்.

வேலூரில் கத்திரி வெயிலில் ஒரு முறையாவது சோதியுங்கள். மே மாதப் பிற்பகலில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மடிக்கணினிச் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய ஆய்வகத்தில் நொடிக்கு அறுபது சட்டகம் (ஃபிரேம்) காட்டிய விளையாட்டு அங்கே திக்கித் திணறும். சட்டக வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கும் தெரிவைக் கட்டாயம் கொடுங்கள். அமைப்புப் பட்டியல் திரையில்கூட முழு வேகத்தில் வரைந்து கணினியைக் காய்ச்சும் விளையாட்டுகள் நிறைய உண்டு.

மின்வெட்டையும் சோதியுங்கள். யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் சேமித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் சேமிப்புக் கோப்பு வெறுமையாகிவிடக் கூடாது. புதிய கோப்பில் முழுவதும் எழுதி, வட்டில் இறங்கிவிட்டதை எஃப்சிங்க் அழைப்பால் உறுதிசெய்து, பிறகு பழைய பெயருக்கு மாற்றுங்கள். முந்தைய சேமிப்பையும் ஒரு பிரதியாக வைத்திருங்கள்.

கடைப் பக்கமும் புகார்களும்

கடைப் பக்கத்தில் உறுதியைத் துல்லியமாக எழுதுங்கள். ‘உபுண்டு 22.04, 24.04 ஆகியவற்றில் சோதிக்கப்பட்டது, ஓபன்ஜிஎல் 3.3 வேண்டும், மற்ற வழங்கல்களில் ஸ்டீம் ரன்டைம் வழியாக ஓடும் என எதிர்பார்க்கிறோம்’ என்பது போன்ற வாசகம் வாங்குபவருக்கும் உங்களுக்கும் எல்லையைக் காட்டும்.

புகார்ப் படிவத்தில் வழங்கலின் பெயரும் பதிப்பும், கெர்னல் பதிப்பு, கிராபிக்ஸ் இயக்கியின் பதிப்பு, எக்ஸ்11ஆ வேலண்டா, ஸ்டீம் பிளாட்பேக் என்ற பொதி வடிவில் நிறுவப்பட்டதா என்பவற்றைக் கேளுங்கள். ஸ்டீமின் உதவிப் பட்டியலில் உள்ள கணினித் தகவல் பக்கத்தை அப்படியே ஒட்டச் சொன்னால் பெரும்பகுதி வந்துவிடும். புரோட்டானில் ஓட்டுபவரிடம் பதிவுக் கோப்பைக் கேட்க வேண்டுமானால், விளையாட்டின் தொடக்கத் தெரிவுகள் பெட்டியில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் புரோட்டான், அடிக்கோடு, லாக் என்று இடைவெளியின்றி எழுதி, சமக்குறியும் 1 என்ற எண்ணும் சேர்த்து, ஓர் இடைவெளி விட்டு, இரு பக்கமும் சதவீதக் குறியிட்ட கமாண்ட் என்ற சொல்லைச் சிறிய எழுத்தில் இடச் சொல்லுங்கள். அவருடைய முதன்மைக் கோப்புறையில் பதிவு வந்து விழும். படிவம் தமிழிலும் இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கிப் பேசாமல் போகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள்.

லினக்ஸ் பயனர்கள் எண்ணிக்கையில் குறைவு, புகாரில் அதிகம் என்று சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அதன் பொருள் வேறு. டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன் என்ற விளையாட்டை உருவாக்கியவர் 2021இல் தம் கணக்கை வெளியிட்டார். விற்ற ஏறத்தாழ 12,000 பிரதிகளில் லினக்ஸுக்கு 700; அதாவது 5.8 சதவீதம். வந்த 1,040 வழு அறிக்கைகளில் லினக்ஸ் பயனர்களிடமிருந்து வந்தவை சுமார் 400. அந்த நானூறில் லினக்ஸுக்கு மட்டும் உரிய வழுக்கள் மூன்றே மூன்று. மற்றவை எல்லாத் தளங்களிலும் இருந்த வழுக்கள். அவற்றைக் கவனித்து, விளக்கமாக எழுதி அனுப்பியவர்கள் லினக்ஸ் பயனர்கள். அந்த விளையாட்டும் கோடோவில் உருவானதே. சோதனையாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத ஒரு குழுவுக்கு இப்படிப்பட்ட பயனர்கள் கிடைப்பது பெரிய பேறு. வந்த புகாருக்கு அதே வாரத்தில் பதில் எழுதுங்கள். சரிசெய்ததும் புகார் அனுப்பியவருக்குத் தனியே தெரிவியுங்கள்.

ஆதரவை நிறுத்த நேர்ந்தால்

படிப்பு முடிந்து குழு கலையும் நாள் வரக்கூடும். ராக்கெட் லீக் என்ற விளையாட்டு 2020 மார்ச்சில் லினக்ஸ் ஆதரவை நிறுத்தியபோது வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. சிறு குழுவால் அது முடியாமல் போகலாம். ஆனால் மூன்றைச் செய்ய முடியும். நிறுத்தும் நாளை முன்கூட்டியே கடைப் பக்கத்தில் எழுதுங்கள். கடைசியாக நன்றாக ஓடிய பதிப்பை ஸ்டீமில் தனிக் கிளையாக அழியாமல் வைத்து, அது எந்த ரன்டைமுக்குக் கட்டப்பட்டது என்பதையும் குறித்துவிடுங்கள். இணையத்தில் சரிபார்த்த பிறகே திறக்கும் பூட்டு எதுவும் அதில் இருந்தால் எடுத்துவிட்டு, விண்டோஸ் பதிப்பு புரோட்டானில் எந்தப் பதிப்பு எண்ணோடு கடைசியாகச் சோதிக்கப்பட்டது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.